பீரங்கி ஓடும், டைபாய்டு மறையும்

1/ லண்டன் ராயல் டோர்னமென்ட், 1880 முதல் 1999 வரை நடந்த ராணுவ சாகசக் காட்சி. திரும்பக் கொண்டு வரணும்னு கேட்கிறவங்க உண்டு. வேண்டாம்ங்க.

2/ அதில் பெரிய ஈர்ப்பு பீரங்கி ஓட்டம். போயர் போரில் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் ஊரைக் காக்க, 1899-ல் கடற்படையினர் பீரங்கி கொண்டு போனதன் நினைவு. ஆனா அந்த முற்றுகையில் சிப்பாய்களைக் குண்டைவிட அதிகமாகக் கொன்றது நோய்தான். முக்கியமா டைபாய்டும் சீதபேதியும். அது எந்த சாகசத்தில் வரும்?

3/ "வசூல் வீரர்கள் நலநிதிக்குத்தானே?" அதுதாங்க என் கோபமே. போருக்கு அனுப்பினது அரசு. அடிபட்டவரைக் கடைசிவரை பார்க்கிறதும் அதன் கடமை. அதுக்கு ஏன் டிக்கெட் விக்கணும்?

4/ கைதட்டலில் எந்தப் புண்ணும் ஆறி நான் பார்த்ததில்லை. வீரனுக்கு மரியாதை செய்யணுமா? அவர் சிகிச்சைக்காக அரசைக் கேள்வி கேளுங்க.