பழைய மகிழுந்தும் படித்தவர் ஏளனமும்



இம்முறை தேர்வைப் பற்றியோ பாடத்திட்டத்தைப் பற்றியோ எழுதவில்லை. பழைய பி.எம்.டபிள்யூ. மகிழுந்துகளைப் பற்றி எழுதுகிறேன். 'வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு?' என்று முகம் சுளிப்போர் சற்றுப் பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். ஏனெனில், இக்கட்டுரை போய்ச் சேரும் இடம் நம் வகுப்பறைதான்.

நான் ஜொகூர் மாநிலத்தில் பணியாற்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியன். என்னிடம் இருப்பது 1997-ஆம் ஆண்டின் 318ஐ. ஆர்வலர்கள் இதனை 'ஈ36' என்பர். அது நிறுவனம் அந்தத் தலைமுறைக்கு இட்ட உட்பெயர். 1980களின் ஈ30, 1990களின் ஈ36, அதன் பின்னர் 2000களின் நடுப்பகுதிவரை வந்த ஈ46 ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள். நம் ஊர்ச் சாலைகளில் இன்றும் இவற்றைக் காணலாம்.

இத்தகைய மகிழுந்தை வைத்திருப்போர்மீது ஆசிரியர் அறையிலும் திருமணப் பந்தியிலும் மூன்று குற்றச்சாட்டுகள் வீசப்படுகின்றன. ஒன்று, இது பகட்டு. இரண்டு, இது குப்பை. மூன்று, இது போக்கிரிகளின் வண்டி. மூன்றிற்கும் விடை கூற விரும்புகிறேன். மூன்றிற்கும் அடியில் மறைந்திருக்கும் நான்காவது ஒன்றும் உண்டு. அதுவே என் உண்மையான வழக்கு.

பகட்டு என்பது எது?

'நீல வெள்ளைச் சின்னத்தைக் காட்டிப் பணக்கார வேடம் போடுகிறார்கள்' என்கின்றனர். பெரும்பாலும் இதனைச் சொல்பவரின் வீட்டு வாசலில் கடனில் வாங்கிய புத்தம் புதிய மகிழுந்து நிற்கும். கணக்கு ஆசிரியரைப் போல ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60,000 ரிங்கிட் கடன். ஒன்பது ஆண்டுத் தவணை. நம் வீடுகளில் வழக்கமாக எடுக்கப்பட்டு வந்த நிலைவட்டி முறையில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 16,200 ரிங்கிட். மொத்தம் 76,200 ரிங்கிட். மாதம் ஏறத்தாழ 706 ரிங்கிட் வீதம் 108 மாதங்கள் கட்ட வேண்டும். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தையும் முடிக்கும் காலம் அது! அந்தப் பிள்ளையின் நூல் செலவுக்குக் கை இறுகும் வீட்டில்கூட வண்டித் தவணை தவறுவதில்லை. பகட்டு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மகிழுந்தை ரொக்கம் கொடுத்து வாங்கினேன். இவ்வளவு பழைய வாகனத்திற்கு வங்கி கடன் தருவது அரிது. பராமரிப்புக்கென மாதம் 300 ரிங்கிட்டைத் தனியே எடுத்து வைக்கிறேன். சில மாதங்களில் அதில் கைவைக்க நேர்வதில்லை. சில மாதங்களில் சேர்த்தது முழுவதும் போய்விடும்.

எனினும், பழைய பி.எம்.டபிள்யூ. மலிவானது என்று நான் எவரிடமும் சொல்ல மாட்டேன். அதன் விலை சரிந்துவிட்டதே தவிர, பாகங்களின் விலை சரியவில்லை. சாலை வரியும் பொறியின் கொள்ளளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. தீபகற்பத்தில் 1,796 சி.சி. கொண்ட 318ஐ-க்கு ஆண்டுக்கு 278 ரிங்கிட் 40 சென். 2,494 சி.சி. கொண்ட 325ஐ-க்கு 874 ரிங்கிட். 2,793 சி.சி. கொண்ட 328ஐ-க்கு 1,612 ரிங்கிட் 50 சென். ஆறு உருளைப் பொறியின் இனிய ஓசையில் மயங்கும் இளைஞர்கள் வாங்குவதற்கு முன் இந்த எண்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

குப்பை என்று யார் தீர்ப்பளித்தது?

பழைய வாகனத்தைச் சாலையிலிருந்து அகற்றும் எண்ணம் நம் நாட்டில் பலமுறை தலைதூக்கியுள்ளது. 2009 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட பொருளாதார ஊக்குவிப்புத் திட்டத்தில், பத்து ஆண்டு கடந்த காரைக் கொடுத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோர்க்கு 5,000 ரிங்கிட் கழிவு வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 15 ஆண்டு கடந்த வாகனங்கள் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது கட்டாயச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்றார்கள். மக்கள் கொதித்தெழவே, சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும், 20 ஆண்டு கடந்த வாகனத்தை அழித்துவிட்டு உள்நாட்டுக் கார் வாங்குவோர்க்கு 4,000 ரிங்கிட் வரை உதவி அறிவிக்கப்பட்டது.

விரும்புவோர் பெற்றுக்கொள்ளட்டும். புகை கக்கும் வண்டியும், நிறுத்தக் கருவி பழுதான வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால், வாகனத்தின் தகுதியைச் சோதித்து அறிய வேண்டும்; பிறந்த ஆண்டைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரைப் பாருங்கள். 1990 முதல் அங்கு வாகன உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. மேலும் ஓட்ட வேண்டுமாயின், அன்றைய நிலவரப்படி மீண்டும் பெரும்பணம் கட்ட வேண்டும். இதனால், நன்றாக ஓடும் வண்டிகளும் பதிவு நீக்கப்படுகின்றன. இடநெருக்கடி மிகுந்த தீவுக்கு அது பொருந்தலாம். பழுது நீக்கி வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறது. அதனை நாமே ஏளனம் செய்வது என்ன அறிவு?

இவ்வண்டிகள் ஏன் பழுதாகின்றன என்பதைப் பாருங்கள். ஈ36, ஈ46 இரண்டிலும் முதலில் கைவிரிப்பது குளிரூட்டும் அமைப்பு. ரேடியேட்டரின் கழுத்து, நீர் விரிவுத் தொட்டி முதலியவை பிளாஸ்டிக்கால் ஆனவை. பல ஆண்டுகள் சூடேறிச் சூடேறி ஆறியதால் அவை நொறுங்கும் தன்மையை அடைகின்றன. ஒரு நாள் வெடிப்பு விழும், நீர் வெளியேறும். வெப்பமானியின் முள் சிவப்பை எட்டிய பிறகும் ஓட்டினால், பொறியின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். சிறிய பாகத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஆயிரங்களில் போய் நிற்கும். எனவே, விவரமறிந்தவர்கள் அவை உடையும்வரை காத்திருப்பதில்லை. தொட்டி, குழாய்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் அனைத்தையும் ஒருசேர மாற்றிவிடுவார்கள்.

ஈ30 வகையின் 320ஐ, 325ஐ பொறிகளில் பல்பட்டை இருக்கிறது. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். ஈ46 வாங்குவோர் பின் அச்சைத் தாங்கும் தரைத்தகட்டில் கீறல் இருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நம் வெயிலுக்குப் பசை இளகி, உள்கூரைத் துணி தலைமேல் தொங்குவதும் உண்டு. இவை எல்லாம் காரணம் தெரிந்த குறைகள், சரிசெய்யக்கூடிய குறைகள். பழைய வகைகளுக்கான பாகங்களை வழங்குவதற்கென்றே பி.எம்.டபிள்யூ. நிறுவனம் மியூனிக்கில் ஒரு தனிப் பிரிவை நடத்துகிறது. செய்தவனே குப்பை என்று கருதாத ஒன்றை நாம் ஏன் குப்பை என்கிறோம்?

அதன் இன்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், விடுமுறை நாளின் விடியற்பொழுதில் ஓட்டிப் பாருங்கள். முன்பாரமும் பின்பாரமும் ஏறக்குறைய சமமாக அமைந்த வண்டி அது. உந்துவிசை பின்சக்கரங்களுக்குச் செல்வதால், முன்சக்கரங்கள் திரும்பும் வேலையை மட்டுமே செய்கின்றன. வளைவில் சாலையின் நெளிவு கைக்குத் தெரிகிறது. மிகை வேகம் தேவையில்லை. மகிழுந்து என்று தமிழில் பெயரிட்டவர்கள் மகிழ்ச்சியைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தவணையை எண்ணி ஓட்டும் வண்டிக்கு அப்பெயர் பொருந்துமா என்பதே என் ஐயம்.

ஆனாலும் ஒன்று. இன்றைய புதிய வாகனங்களில் உள்ள மின்னணுப் பாதுகாப்பு வசதிகள் பல என் வண்டியில் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்வோர்க்குப் புதிய வண்டியே ஏற்றது. இதனைச் சொல்லத் தயங்குபவர் நல்ல ஆர்வலராக இருக்க முடியாது.

போக்கிரிகளின் வண்டியா?

இக்குற்றச்சாட்டே மிகவும் வலிக்கிறது. பழைய பி.எம்.டபிள்யூ.வில் நம் இன இளைஞன் ஒருவன் வந்து இறங்கினால், பார்ப்பவர் மனத்தில் ஒரு தீர்ப்பு எழுந்துவிடுகிறது. அதனை எழுதுவோர் பிற இனத்தார் மட்டும் அல்லர், நாமும்தான். அந்த வண்டியைத் தன் கையாலேயே கழற்றிப் பூட்டியவனாக அவன் இருக்கலாம் என்று எண்ண நமக்குத் தோன்றுவதில்லை.

அதே வேளையில், இளைஞர்களிடமும் ஒரு சொல். நள்ளிரவில் குடியிருப்புப் பகுதியில் புகைபோக்கியை அலறவிடுவதும், சட்டத்திற்குப் புறம்பான இருண்ட கண்ணாடி ஒட்டுவதும் ஆர்வம் ஆகா. டயர் தேய்ந்திருக்க, சக்கர வளையத்திற்குப் பணம் செலவழிப்பவன் மகிழுந்தை நேசிப்பவன் அல்லன். உங்கள் ஆரவாரத்தால் பழி சுமப்பது, அமைதியாகத் தன் வண்டியைப் பேணும் இன்னோர் இளைஞன்.

என் உண்மையான வழக்கு

இனி நான்காவதற்கு வருகிறேன். பழைய மகிழுந்தைக் கண்டு நாம் ஏன் சிரிக்கிறோம்? அது எண்ணெய்க் கறையோடும் பட்டறையோடும் தொடர்புடையது என்பதால்தான். நம் சமூகம் பட்டறையை இழிவாகக் கருதுகிறது. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஸ்பானர் பிடிக்கத்தான் போவாய்!" இந்த வாசகத்தைக் கேட்காத தமிழ்ப்பிள்ளை உண்டா? வீட்டில் பெற்றோர் சொல்கிறார்கள். வெட்கத்துடன் எழுதுகிறேன்: வகுப்பறையில் ஆசிரியர்களும் சொல்கிறார்கள்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், தந்தையின் தொழிலை எழுத வேண்டிய கோட்டை வெறுமையாக விட்டிருந்தான். அவன் தந்தை மகிழுந்துப் பட்டறையில் பணிபுரிபவர் என்பதைப் பிறகு அறிந்தேன். பத்து வயதில் அந்த வெட்கத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார்? எந்தப் பாடநூலில் அது இருக்கிறது?

அவ்விழிவை நாம் எவர்மீது சுமத்துகிறோம் என்று பாருங்கள். பொறி சூடேறுகிறது என்று ஒரு வண்டி வருகிறது. கைதேர்ந்த மெக்கானிக் உடனே பாகத்தை மாற்றிவிடுவதில்லை. மேற்குழாய் கொதிக்க, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லையோ என்று ஐயுறுகிறார். அழுத்தக் கருவியைப் பொருத்திக் கசிவு உண்டா என்று பார்க்கிறார். எண்ணெய் மூடியைத் திறந்து, பால் கலந்தாற்போன்ற படிவு இருந்தால், கேஸ்கெட் வழியாக நீர் எண்ணெயில் கலந்திருக்கலாம் என்று கருதுகிறார். மேலும் சோதித்தே முடிவுக்கு வருகிறார். உற்றுநோக்கல், ஊகித்தல், கருதுகோள், பரிசோதனை, முடிவு! அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் அத்தனையும் அங்கே நடக்கின்றன. உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று பயிலரங்கம் பயிலரங்கமாகப் பேசிவிட்டு, அதனைத் தொழிலாகச் செய்பவரைக் காட்டிப் பிள்ளையை அச்சுறுத்துகிறோம். இதைவிட முரண் வேறுண்டா?

நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்றொரு பாடம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. எத்தனை பள்ளிகளில் அந்தப் பாடவேளை தேர்வுப் பாடங்களுக்கு இரையாகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். மலேசியத் திறன் சான்றிதழ் படிப்படியாக உயர்ந்து, திறன் டிப்ளோமா வரை செல்கிறது. நம் ஜொகூரிலேயே பத்து பகாட்டில் ஆட்டெக் உயர்தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பாசிர் கூடாங்கிலும் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கெடா மாநிலத்தின் கூலிமில் 2008 முதல் பி.எம்.டபிள்யூ. மகிழுந்துகள் பொருத்தப்படுகின்றன. அந்தச் சின்னத்தைக் கண்டு வாய்பிளக்கும் நாம், அதனைப் பொருத்தும் கையை மட்டும் தாழ்வாகப் பார்க்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் மெக்கானிக் ஆகட்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் ஆகட்டும்; வழக்கறிஞர் ஆகட்டும். ஆனால், பழுதான பொருளைத் திறந்து பார்க்கும் துணிவும், காரணத்தைத் தேடும் பொறுமையும் இல்லாத மருத்துவரால் நோயாளிக்கு என்ன பயன்?

எனவே, பெற்றோர்களே! வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். மெக்கானிக்கை 'வா, போ' என்று ஒருமையில் விளிக்காமல், "அண்ணே, இது ஏன் இப்படி ஆனது?" என்று பிள்ளையின் காதுபடக் கேளுங்கள். மாற்றிய பாகத்தை வாங்கி வந்து பிள்ளையின் கையில் கொடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஏன் திறக்கக் கூடாது என்று விளக்குங்கள். அழுத்தத்தில் அடைபட்ட நீர் நூறு பாகையைக் கடந்தும் கொதிக்காதிருக்கும் என்பதும், மூடியைத் திறந்த நொடியில் பொங்கிச் சுடும் என்பதும் அவன் வாழ்நாளெல்லாம் மறக்காத அறிவியல் பாடம்.

ஆசிரியர்களே! வடிவமைப்புப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன் கொடுக்காதீர்கள். தொழில்சார் விழிப்புணர்வு நாளுக்கு மருத்துவரையும் காவல்துறை அதிகாரியையும் அழைக்கும்போது, பட்டறை நடத்தும் ஒரு பெற்றோரையும் மேடையில் அமர்த்துங்கள். 'ஸ்பானர் பிடிக்கப் போவாய்' என்னும் வாசகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த வகுப்பில் ஸ்பானர் பிடிப்பவரின் பிள்ளை அமர்ந்திருக்கிறது.

என் பழைய மகிழுந்தைப் பார்த்துச் சிரிப்போர் சிரிக்கட்டும். எனக்கு அதனால் குறைவில்லை. அதனை ஓட வைப்பவரைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரிக்காதிருந்தால் போதும்.

அன்புடன்,
ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியன்