காத்திருக்கும் நாட்டில் ஒரு தோட்டம்

ஆறுதலின் வார்த்தை
தியானப் பகுதி: எரேமியா 29:1-14; 32:6-15



ஒரு சகோதரருடைய அறைக்கு ஜெபிப்பதற்காகப் போயிருந்தேன். இருக்கக் கதிரை இல்லை. சூட்கேஸின் மேல்தான் இருந்தோம். "ஏன் தம்பி, ஒரு மேசை கதிரையாவது வாங்கலாமே?" என்று கேட்டேன். "பேப்பர் வரட்டும் ஐயா. மனுசியும் பிள்ளையும் வந்து சேரட்டும். அதுக்குப் பிறகு எல்லாம் பார்ப்பம்" என்றார். அவர் இந்த நாட்டுக்கு வந்து அப்போது மூன்று வருடங்கள். மொழி வகுப்புக்கும் போகவில்லை. அலுமாரிக்குள் ஒரு சோடி சின்னச் சப்பாத்து இருந்தது. வந்த முதல் குளிர்காலத்தில் மகளுக்கென்று வாங்கி வைத்தாராம். ஊரிலே வளர்ந்துகொண்டிருக்கிற அந்தப் பிள்ளைக்கு இனி அது அளவாக இராது.

நம்மில் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் நின்றுபோய்க் கிடக்கிறது. விசாரணைத் திகதி வரட்டும், முடிவு வரட்டும், குடும்பம் வரட்டும் என்று வாழ்வதையே ஒத்திவைத்துவிடுகிறோம். இதைப் பொறுமை என்றும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வேதம் காட்டுகிற பொறுமை வேறு.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அந்நிய மொழி, அந்நிய தேவர்கள், அந்நிய ஊர். எப்போது திரும்புவோம் என்பதே அவர்களுடைய ஒரே கேள்வி. அந்நாட்களில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டு வருடத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று தேவாலயத்தில் நின்று சொன்னான். யாருக்குத்தான் அது இனிக்காது? ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை.

எரேமியாவோ சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே அதன் சாரம். காத்திருப்பு எழுபது வருடம் என்றும் எழுதினார். கர்த்தர் நம்மைக் குறித்துச் சமாதானத்தின் நினைவுகளை வைத்திருக்கிறார் என்ற வாக்குத்தத்தத்தை நாம் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுகிறோம். அது இந்தக் கடிதத்தில்தான், எழுபது வருடத்தைச் சொன்ன வசனத்துக்கு அடுத்த வசனமாக வருகிறது. பின்னதைப் பிடித்துக்கொண்டு முன்னதை விட்டுவிடக் கூடாது.

அனனியாக்கள் இன்றும் இருக்கிறார்கள். "இரண்டு மாதத்தில் ஆளை எடுத்துத் தாறன், காசை மட்டும் தாருங்கோ" என்று சொல்லுகிறவர்களிடம் சீட்டுக் காசையும் தாலிக்கொடியையும் கொடுத்து ஏமாந்த குடும்பங்களை நாம் அறிவோம். அவசரம் நம்முடைய கண்ணை மறைக்கும். தகுதியுள்ள சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒரு தாளிலும் கையொப்பம் வையாதீர்கள். உண்மையைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் நீண்ட காலத்தைத்தான் சொல்லுவார். அதற்காக அவரை வெறுக்காதீர்கள்.

எரேமியா எழுதியதோடு நிற்கவில்லை. பின்பு பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது தம்முடைய சொந்த ஊரான ஆனதோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். உறுதியை எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். காணி உறுதியைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு கடல் கடந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எரேமியா அந்த நிலத்தில் பயிரிட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆனால் கோரேஸ் ராஜா கி.மு. 538இல் கட்டளையிட்ட பின்பு திரும்பி வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். எஸ்றா 2:23இல், ஆனதோத்தின் மனிதர் 128 பேர். அவர் காணாததை அவருடைய ஊரவரின் பிள்ளைகள் கண்டார்கள்.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரமே ஒன்றை நட்டு வையுங்கள். மொழி வகுப்புக்குப் பெயரைக் கொடுங்கள். பிள்ளையின் ஆசிரியரைப் போய்ச் சந்தியுங்கள். தெரிந்த நாலு சொல்லோடு போனாலும் போதும். ஊரிலுள்ள மனைவி பிள்ளைகளோடு பேசும்போது வழக்கைப்பற்றி மட்டும் கதையாமல், அன்று பிள்ளை என்ன படித்தது என்று கேளுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் இந்த நகரத்துக்காகவும் ஜெபியுங்கள்.

அழுகை வந்தால் அழுங்கள். பாபிலோனின் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதவர்களின் சங்கீதத்தையும் கர்த்தர் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். அழுகை அவிசுவாசம் அல்ல.

பேப்பர் கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. காத்திருக்கிறவரைக் காணும்போதெல்லாம் "இன்னும் வரேல்லையோ?" என்று கேளாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு நேரச் சோறு கொடுங்கள்.

அந்தச் சகோதரருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சபையில் ஒருவர் கொடுத்த மேசையும் நாலு கதிரையும் இப்போது அவருடைய அறையில் இருக்கின்றன. வகுப்புப் பாடத்தை அந்த மேசையிலிருந்துதான் எழுதுகிறார். மகளின் கால் அளவைக் கேட்டுப் புதுச் சப்பாத்து வாங்கி ஊருக்கே அனுப்பிவிட்டார்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அறியாத நாளை நீர் அறிந்திருக்கிறீர். அந்த நாள் வரும்வரை இந்த நாளை வீணாக்காமல் வாழ எங்களுக்குப் பெலன் தாரும். பிரிந்திருக்கிற குடும்பங்களை உமது கரத்தில் வைத்துக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.