விண்ணப்பிக்காதவர்களா?

"குடியுரிமைக்கு இத்தாலியும்தான் தாத்தாவின் சான்று கேட்கிறது, இலங்கையின் மலையகத் தமிழர் உரிய காலத்தில் விண்ணப்பிக்கவில்லை" என்கிறார்கள். ஒப்பீடே கோணல். இத்தாலி கேட்பது நாட்டை விட்டுப் போனவரின் பேரனிடம். இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டதோ, ஹட்டன் தோட்ட லயத்திலேயே பிறந்தவரிடம்: தந்தை இங்கே பிறந்தாரா, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? பூட்டனின் பிறப்புச் சான்றுக்குத் தோட்டத் தொழிலாளி எங்கே போவது?

விண்ணப்பிக்கவில்லை என்பதும் பொய். பதிவின் மூலம் குடியுரிமை பெற வழிசெய்த 1949 சட்டத்தை இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்தது உண்மைதான். ஆயினும் 1951 ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. அதைக் காட்டக்கூடிய தோட்ட வேலைப் பதிவேடான செக்ரோல் துரையின் அலமாரியில் இருந்தது, கொழுந்து பறித்தவளின் கையில் அல்ல.

1964இல் 9,75,000 பேரில் பெரும்பாலானோரை இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் பங்கிட்டபோது யாரும் அவர்களிடம் விண்ணப்பம் கேட்கவில்லை. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர் வழிவந்தோருக்கும் குடியுரிமை தந்தது. தந்த பிறகு நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லையே?