வாரத்துக்கு உழுதவரின் பெயர்

யாரையாவது பிடிக்கவில்லை என்றால் ‘நக்சல்’ என்று சொல்லிவிடுகிற வழக்கம் வந்துவிட்டது. அது ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும். நக்சல்பாரி, மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், சிலிகுரிக்கு மேற்கே, நேபாள எல்லையோரம் இருக்கிறது. 1980களில் அந்த வட்டாரத்தில் வங்கி அலுவலராகப் பயிர்க்கடன் கொடுத்தவன் நான். அந்த மக்கள் எதற்காக எழுந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஜோதேதார் எனப்படும் நிலக்காரர்களிடம் ராஜ்பன்சி, சந்தால், ஒராவ்ன் குடும்பங்கள் வாரத்துக்கு உழுதன. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. விதைக்கும் சோற்றுக்கும் வாங்கிய கடனுக்கு மீதியும் களத்துமேட்டிலேயே கரையும். ஒருவர் 25 ஏக்கருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1953-லேயே சட்டம் வந்தது. உபரி நிலம் பினாமி பெயர்களுக்குப் போனது. உழுதவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1967-ல் பிகுல் கிசான் என்ற குடியானவர் நீதிமன்ற உத்தரவோடு உழப் போனார். நிலக்காரரின் ஆட்கள் அடித்தார்கள். இந்த வரலாற்றில் என்னை இன்றும் உறுத்துவது இந்த இடம்தான். அவர் முதலில் நாடியது கோர்ட்டை. உத்தரவு கிடைத்தது, அதை நிறைவேற்றித்தர ஒருவரும் வரவில்லை.

அதன் பிறகுதான் ஜங்கல் சந்தால், கானு சன்யால் தலைமையில் விவசாயிகள் நிலத்தில் இறங்கினார்கள்; கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். மே 24 அன்று சோனம் வாங்டி என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்பு பட்டு இறந்தார். மறுநாள் பிரசாதுஜோத்தில் போலீஸ் சுட்டதில் 11 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்; இரண்டு குழந்தைகளும் உண்டு. ஆட்சியில் இருந்தது இடதுசாரிகள் பங்கேற்ற ஐக்கிய முன்னணி.

ஜூலை 5 அன்று சீனத் தலைநகர் பீக்கிங்கின் ‘மக்கள் நாளேடு’ இதை வசந்தத்தின் இடிமுழக்கம் என்று கொண்டாடியது. சில மாதங்களில் போலீஸ் எழுச்சியை அடக்கிவிட்டது. பெயர் மட்டும் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்துக்கும் கல்கத்தா கல்லூரிகளுக்கும் பரவியது. இயக்கத்துக்குக் கொள்கை வகுத்த சாரு மஜும்தாரின் ‘அழித்தொழிப்பு’ வழியில் தனிமனிதர்களைக் கொன்றதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். கானு சன்யாலே பின்னாளில் அதை நிராகரித்தார். ஆனால் அந்தக் கொலைகளையே முழு வரலாறாக்கினால், கோர்ட்டுக்குப் போன பிகுல் கிசான் காணாமல் போய்விடுகிறார்.

1978-ல் ஜோதி பாசு முதல்வராக இருந்தபோது, வாரத்துக்கு உழுபவர்களைப் பதிவுசெய்யும் ‘ஆபரேஷன் பர்கா’ தொடங்கியது. துப்பாக்கிச்சூட்டின்போது துணை முதல்வராக இருந்தவரும் அவரே. அதிகாரிகள் மாலை வேளையில் ஊருக்குள் போய், உழுபவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதினார்கள். 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாரக் குடியானவர்களின் பெயர்கள் பதிவாயின. வெளியேற்ற முடியாத உரிமையும் விளைச்சலில் சட்டப்படியான பங்கும் உறுதியாயின. அந்தப் பதிவுச் சீட்டைப் பாலிதீன் பையில் சுற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தவர்களுக்குத்தான் நான் கடன் எழுதினேன். ஓர் அரசாங்கத்தால் செய்ய முடிந்த வேலைதான் இது. 11 உயிர் போவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

தமிழ்நாட்டிலும் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லிருந்து இருக்கிறது. இருந்தும் காவிரிப் பாசனப் பகுதியில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் எத்தனையோ பேர். பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அடங்கல் கேட்கிறார்கள்; நிலக்காரர் சம்மதிக்காமல் அதில் தன் பெயரை ஏற்ற உழுபவரால் முடிவதில்லை. வெள்ளம் வந்தால் நஷ்டம் உழுதவருக்கு, நிவாரணம் பட்டாதாரருக்கு. வருவாய்த் துறை அடுத்த சம்பா நடவுக்குள் ஊர் ஊராக முகாம் போட்டு, வயலில் நிற்பவரைக் கேட்டு எழுத வேண்டும். நிலக்காரரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.