கல் புரண்டது, சுவர்?

ஈஸ்டர் என்றாலே புதுவாழ்வு. நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியை விட்டோம், கோபத்தைக் குறைத்தோம், மனசு புதுசாகிவிட்டது என்கிறோம். சாதியை விட்டோமா?

அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமப் பேரரசு விதித்த சிலுவைத் தண்டனையில் கொல்லப்பட்டவர் இயேசு. அவருக்குச் சொந்தமாக ஒரு கல்லறைகூட இல்லை. அரிமத்தியா யோசேப்பு தன் கல்லறையைக் கொடுத்தார். அதன் வாசலில் இருந்த கல் புரண்டதைத்தான் உயிர்ப்பு என்று கொண்டாடுகிறோம். அதே நாம், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணங்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பினோம். செத்த பிறகும் தீட்டு!

திருச்சபைக்குள் சாதி இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனம் மட்டுமே. மனம் திரும்புவது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கல்லை யார் புரட்டுவார் என்று தெரியாமலேதான் அந்தப் பெண்கள் விடியற்காலையில் கல்லறைக்குக் கிளம்பினார்கள். கிளம்பியவர்களுக்குத்தான் உயிர்ப்பின் செய்தி முதலில் கிடைத்தது. நாமும் கிளம்புவோம். நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள், தேர்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, நம் வீட்டுத் திருமணப் பேச்சில் எந்தக் கேள்வி முதலில் வருகிறது என்று பார்ப்போம். அங்கே நிற்கும் சுவரை இடிக்காமல் நமக்குப் புதுவாழ்வு இல்லை.