மரத்தைக் காக்கும் சட்டமும் நீரை மறந்த சட்டமும்

மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளுக்கு 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா என்ற அரண் வாய்த்தது. அத்தகைய பாறைகள் இல்லாத கடலூர்க் கரையிலோ அலையின் உக்கிரத்தைத் தணிக்கும் கைங்கரியத்தைச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் கண்டற்காடே செய்து வருகிறது என்பதை, 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் அதன் மறைவில் பிழைத்த கிராமங்கள் பிரத்தியட்சமாகக் காட்டின.

இக்காட்டைப் பரிபாலிக்கும் வனச் சட்டம் 1882ஆம் ஆண்டில், மரத்தை வருமானமாகக் கண்ட ஆங்கில சர்க்கார் இயற்றியது. அக்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியதனால், ஈரம் வற்றிய சேறு தாழ்ந்து தொட்டியாகக் குழிந்து, உள்ளே வந்த உப்புநீர் திரும்ப வழியின்றித் தேங்கி, நாற்று எதுவும் தரிக்காமற் போயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வகைசெய்த பின்னரே வெண்கண்டல் மீண்டும் வேர்பிடித்தது.

கோடரியைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் சர்வதேச ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்தும் கிட்டியது, மகிழ்ச்சியே. ஆனால் உப்பைத் தணித்து இக்காட்டைக் காக்கும் கொள்ளிடத்து நன்னீர் குன்றினால் யாரைக் கேட்பது? அவ்வாற்றின் கீழணையில் திருப்பிய நீரை வீராணம் ஏரி வழியாகச் சென்னைக்குக் குழாயில் அனுப்பத் தெரிந்த சர்க்காருக்கு, முகத்துவாரத்துக்கும் ஒரு பங்கை நிர்ணயித்துச் சட்டமன்றத்தில் மசோதா கொணர்வது அசாத்தியமன்று. டெல்டா விவசாயிகள் ஆட்சேபிப்பர், அது நியாயமே. அவர்களையும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தாரையும் ஒரே சபையில் இருத்தி அப்பங்கைத் தீர்மானிக்கட்டும்.