அளவுகோல் யார் கையில்?

விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் எண் வெளியிடப்பட்டதும் அதை வாய்மூடி ஏற்பதே பகுத்தறிவு என்று நமக்கு உபதேசிப்போர் உளர். எண்ணைக் கேள்வி கேட்பவன் பீதி கிளப்புபவன் என்பது அவர்கள் தீர்ப்பு. இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. 2011 மார்ச் 11ஆந் திகதி பூகம்பமும் ஆழிப்பேரலையும் யப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தபின் நடந்தவற்றை எண்ணிப் பார்ப்போம்.

அந்நாட்களில் ஊர்வாரியாகக் கதிர்வீச்சு அளவுகள் வெளியாயின. நெஞ்சை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்தாலே 50 மைக்ரோசீவெர்ட் படுகிறது என்ற ஆறுதலும் கூடவே வந்தது. ஊரின் அளவோ மணிக்கு இத்தனை என்பது; எக்ஸ்ரேயின் அளவோ ஒரு தடவைக்கு இத்தனை என்பது. ஒன்று வேகம், மற்றது தூரம். மணிக்கு 3.8 மைல் நடப்பவன் 50 மைல் சென்றவனிலும் பின்தங்கியவன் என்று ஒரு மாணவன் விடை எழுதினால் நாம் புள்ளி வழங்குவோமா? எத்தனை மணி நேரம் நடந்தான் என்றல்லவா கேட்போம்!

3.8 நாம் கற்பித்துக்கொண்ட எண் அன்று. ஏப்ரல் 19ஆந் திகதி யப்பானியக் கல்வி அமைச்சு புகுஷிமாப் பாடசாலை முற்றங்களுக்கு விதித்த எல்லை, மணிக்கு 3.8 மைக்ரோசீவெர்ட். பிள்ளை நாளுக்கு 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் மரவீட்டினுள். வீட்டினுள் அளவு பத்தில் நான்கு பங்கு. இதுவே அவர்கள் கணக்கு. பெருக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 மைக்ரோசீவெர்ட், வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட். அந்த எல்லையில் வாழும் பிள்ளைக்கு 365 நாளும் நாளுக்கொரு நெஞ்சு எக்ஸ்ரே! மூச்சோடு உட்செல்லும் தூசி இக்கணக்கிற் சேரவில்லை.

பெருக்கலிற் பிழையில்லை. ஆனால் அந்த 20 எங்கிருந்து வந்தது? சாதாரண காலத்தில் பொதுமக்களுக்குரிய எல்லை வருடத்துக்கு 1. விபத்தின் பின்னர் 1 முதல் 20 வரை கொள்ளலாமென்ற சர்வதேசப் பரிந்துரையின் உச்சியையே பிள்ளைகளின் தலையில் ஏற்றினர். இது பௌதிகம் அன்று, அரசியல். எல்லையைத் தாழ்த்தினால் எத்தனை பாடசாலைகளை மூடுவது, எத்தனை குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுப்பது என்ற கேள்விகள் எழும் அல்லவா? அரசாங்கத்தின் ஆலோசகராயிருந்த கதிர்வீச்சு நிபுணர் தொஷிசோ கொசாக்கோ, பிள்ளைகளுக்கு இந்த எல்லையை ஏற்கமுடியாதென்று கண்ணீருடன் பதவி துறந்தார்.

20 மில்லிசீவெர்ட் பட்டவரெல்லாம் மாண்டுபோவர் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் பொய்யே. சிறிய அளவு கூட்டுவது சிறிய அபாயத்தையே. எனினும், உலையின் இலாபத்திற் பங்கு பெறாத பிள்ளை அதன் நட்டத்தைத் தன் உடம்பிற் சுமப்பது எந்த நியாயம்?

பெற்றோர் வாளாவிருக்கவில்லை. மே மாதத்தில் தோக்கியோ சென்று அமைச்சின் வாயிலில் திரண்டனர். 27ஆந் திகதி, பாடசாலைகளில் வருடத்துக்கு 1 மில்லிசீவெர்ட்டை இலக்காகக் கொள்வதாகவும் முற்றத்து மண்ணை அகற்ற நிதி உதவுவதாகவும் அமைச்சு அறிவித்தது. ஒரு மாதத்தில் பௌதிக விதிகள் மாறிவிடவில்லை. மக்கள் கேள்வி கேட்டனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே, எண்ணை வாசிக்கக் கற்பிப்போம். மணிக்கா, மொத்தமா? எல்லையை வகுத்தவர் யார்? சுமப்பவர் யார்? இவற்றைக் கேட்கத் தெரிந்த சமுதாயத்தை எவரும் எண்ணால் ஏய்க்க முடியாது.